வெகுமதியின் நேரமும் இடமும்: ஆறு வார இணையவழி நாய்ப் பயிற்சி வகுப்பு ஒன்றின் மதிப்புரை

என் நாய் மணிக்கு மூன்று வயது ஆகிறது. உட்காரச் சொன்னால் உட்காருவான், படுக்கச் சொன்னால் படுப்பான், கூப்பிட்டால் வருவான். ஆனால் என் இடப்பக்கத்தில் நடந்து வர வேண்டியவன் பத்து அடி எடுத்து வைப்பதற்குள் என் முழங்காலுக்குக் குறுக்கே வந்து நின்றுவிடுவான். அவனை மிதித்துவிடாமல் இருக்க நான் தடுமாறுவதும், அந்தத் தடுமாற்றத்தை ஏதோ விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு அவன் துள்ளுவதும் அன்றாட வழக்கமாகிவிட்டன. உட்காரும்போதும் நேராக உட்கார மாட்டான். பின்பகுதியை வெளியே தள்ளி, தலையை என் வலது இடுப்பை நோக்கித் திருப்பிக் கோணலாகவே உட்காருவான். இது அவனுடைய பிறவிக் குணம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். என் வலது இடுப்பில் தொங்கிய தின்பண்டப் பைதான் இதற்குக் காரணம் என்பதை எனக்குக் காட்டிய வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை.

வகுப்பு முழுவதும் இரண்டே கேள்விகளைச் சுற்றி அமைந்தது: நாய்க்கு வெகுமதியை எப்போது கொடுக்க வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு பாடங்கள், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு பயிற்சி, அந்தப் பயிற்சியைச் செய்யும்போது எடுத்த 90 விநாடிக்கு மேற்படாத காணொளி ஒன்றை நாம் அனுப்பினால் பயிற்சியாளர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதும் குறிப்பு, இவ்வளவுதான் ஏற்பாடு. நடத்துபவர்களின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. பாராட்டும் குறையும் கலந்தே எழுத வேண்டியிருப்பதால், வகுப்பு எதைக் கற்றுத்தந்தது, எதைக் கற்றுத்தரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் பாடத்தில் நாயே இல்லை. ஒருவர் பந்தை மேலே எறிவார். அது தரையைத் தொடும் கணத்தில் நாம் கிளிக்கரை, அதாவது அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலித்து நாய்க்கு உணவு வரப்போவதை அறிவிக்கும் சிறு கைக்கருவியை, அழுத்த வேண்டும். பிறகு ஒரு காலிக் கிண்ணத்தை மேசையில் வைத்து, கிளிக் செய்த பின்னரே கையைப் பையிலிருந்து எடுத்து ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட வேண்டும்; அரை நிமிடத்தில் எத்தனை முறை சிந்தாமல் போட முடிகிறது என்று எண்ண வேண்டும். நாயைப் பழக்கவந்த எனக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றியது; மூன்றாம் நாள் என் காணொளியைப் பார்த்த பின்பு அப்படித் தோன்றவில்லை.

கைபேசி விநாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. மணியின் பின்பகுதி தரையைத் தொட்ட படத்திலிருந்து நான் கிளிக் செய்த படம் வரை எண்ணினால் பத்துப் படங்கள் ஓடியிருந்தன. அதாவது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. இது மிகச் சிறிய இடைவெளிதானே என்று எண்ணிக்கொண்டே அந்தப் பத்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் மணியின் இடது முன்னங்கால் தரையிலிருந்து எழும்பியிருந்தது, மார்பு முன்னோக்கிச் சாய்ந்திருந்தது, கண்கள் என் பையில் இருந்தன. நான் உட்கார்ந்ததற்குக் கூலி கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, எழுந்திருக்கத் தொடங்கியதற்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த அடுத்த கணமே அவன் ஏன் எழுந்துவிடுகிறான் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அந்த ஒரு படம் பதில் சொல்லிவிட்டது.

இதற்கு வகுப்பு சொன்ன தீர்வு கையை வேகப்படுத்துவது அன்று, கண்ணை முன்னதாகவே வேறிடத்தில் வைப்பது. கண்ணால் கண்டு கையால் அழுத்துவதற்கு மனிதருக்கு ஏறத்தாழ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது பிடிக்கும். அந்தத் தாமதத்தை முயற்சியால் அழித்துவிட முடியாது. ஆகவே, பின்பகுதி தரையைத் தொடுவதற்குக் காத்திராமல், பின்னங்கால் முட்டிகள் மடங்கத் தொடங்குவதையே பார்த்துப் பழக வேண்டும். மடங்குவதைக் கண்டு அழுத்தினால் ஒலி எழும்பும் நேரத்தில் பின்பகுதி தரையில் இருக்கும். சொல்வதற்கு எளிது, எனக்குப் பிடிபட நான்கு நாள் ஆயிற்று, அதுவும் பத்துக்கு ஏழு முறைதான்.

அடிப்படை அறிவியலை வகுப்பு ஒரே பாடத்தில் முடித்துவிடுகிறது. பெரும்பாலும் சரியாகவே முடிக்கிறது. வெகுமதி தாமதமாகும்போது கற்றல் எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பதை 1948இல் உளவியலாளர் கிரைஸ் எலிகளைக் கொண்டு காட்டியது, விலங்குகளின் கற்றலை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் 1940களிலேயே விலங்குப் பயிற்சியைத் தொழிலாக்கி, செயலுக்கும் உணவுக்கும் இடையிலான காலத்தைக் கடக்கப் பாலம்போல ஓர் ஒலியைப் பயன்படுத்தியது, ஒலியெழுப்பும் சிறு விளையாட்டுப் பொருள் ஒன்று போதும் என்று 1951இல் ஸ்கின்னர் பொதுவாசகர்களுக்கான அறிவியல் இதழொன்றில் எழுதியது ஆகியவை வரிசையாக வருகின்றன. ஆனால் அதற்கு அடுத்தபடியாக, கிளிக்கர் இல்லாமல் துல்லியமான பயிற்சியே இயலாது என்று பாடம் அடித்துச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், கிளிக்கர் ஒலி, வாய்ச்சொல், உணவு மட்டும் என்ற மூன்று வழிகளில் பழக்கப்பட்ட நாய்களிடையே கற்றலில் வேறுபாடு காணப்படவில்லை. என் அனுபவமும் அப்படியே: கையெட்டும் தூரத்தில் "சபாஷ்" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது, மணி தொலைவில் இருக்கும்போது, அல்லது நொடியில் கடந்துவிடும் அசைவு ஒன்றைப் பிடிக்க வேண்டியிருந்தபோதுதான் கிளிக்கரின் கூர்மையான ஒலி பயன்பட்டது.

அந்தப் பாடத்திலேயே இன்னொரு செய்தியும் பாதியில் நிற்கிறது. ஸ்கின்னர் 1948இல் எட்டுப் புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் உணவு கிடைக்கும்படி செய்தார். அவற்றுள் ஆறு, சுற்றிச் சுற்றி வருவது, தலையைக் கூண்டின் மூலைக்குத் தூக்குவது போன்ற பொருளற்ற சடங்குகளைப் பிடித்துக்கொண்டன. நேரம் தவறினால் மூடநம்பிக்கை பிறக்கும் என்று வகுப்பு இதை எடுத்துக்காட்டுகிறது. ஆனால் 1971இல் ஸ்டாடனும் சிமல்ஹேகும் அதே சோதனையை நுணுக்கமாகக் கவனித்துத் திரும்பச் செய்தபோது, உணவு வரும் நேரம் நெருங்க நெருங்கப் புறாக்கள் பெரும்பாலும் உணவு வரும் சுவரை நோக்கித் திரும்புவதையும் அங்கே கொத்துவதையும் கண்டார்கள். நேரத்தைப் பற்றியது என்று நாம் எண்ணிய சோதனையில் இடமும் ஒளிந்திருந்தது என்பதல்லவா இதன் பொருள்? வகுப்பின் பிற்பகுதி முழுவதற்கும் இதைவிட நல்ல முன்னுரை கிடைத்திராது. அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வியப்பாகவே இருந்தது.

இரண்டாம் வாரத்தில் என் காணொளிக்கு வந்த குறிப்பு ஒரே வரி: நாய் உங்கள் ஒலியைக் கேட்கவில்லை, உங்கள் வலது முழங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காணொளியை ஓட்டிப் பார்த்தேன். கிளிக் ஒலிக்கு ஐந்து படங்கள் முன்னதாகவே என் முழங்கை பின்னோக்கி, பையை நோக்கி, நகரத் தொடங்கியிருந்தது. சோதித்துப் பார்க்கும் வழியும் சொல்லியிருந்தார்கள். முதலில் உடல் சிறிதும் அசையாமல் கிளிக் மட்டும் செய்தேன். மணி என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றான், காது மட்டும் லேசாகத் திரும்பியது. பிறகு ஒலியே எழுப்பாமல் முழங்கையை மட்டும் ஓர் அங்குலம் பின்னால் இழுத்தேன். உடனே நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டு என் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டான். இத்தனை மாதங்கள் நான் காசு கொடுத்து வாங்கிப் பழக்கியதாக நம்பிய கிளிக்கர் அவனுக்கு வெற்று ஓசை. உண்மையான அறிவிப்பு என் முழங்கைதான்.

இதைத் திருத்த, இரு கைகளையும் வயிற்றின் மேல் கோத்து வைத்துக்கொண்டு, ஒலி, ஒரு சிறு நிறுத்தம், அதன் பிறகே கை என்ற வரிசையை நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் செய்யச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் மணி ஒலிக்குத் தலை நிமிர்த்தத் தொடங்கினான். வகுப்பில் எனக்குக் கிடைத்தவற்றுள் விலைமதிப்புள்ளது எது என்று கேட்டால் இந்த ஒரு வரிக் குறிப்பையே காட்டுவேன். எந்தப் புத்தகத்தைப் படித்தும் என் முழங்கையை நான் பார்த்திருக்க முடியாது.

இங்கே ஒரு முணுமுணுப்பு. வகுப்போடு அவர்கள் விற்கும் இடுப்புப் பையின் வாய், உள்ளே வைத்த கம்பியால் பட்டென்று திறந்து பட்டென்று மூடும் வகை. கிளிக்குக்கு முன்பு எந்த அறிகுறியும் இருக்கக் கூடாது என்று பாடம் நடத்திவிட்டு, கிளிக்கை விடச் சத்தமாக ஒலிக்கும் பையை விற்பது என்ன நியாயமோ தெரியவில்லை. நான் என் பழைய துணிப்பைக்கே திரும்பிவிட்டேன்.

மூன்றாம் வாரத்தின் இரண்டாவது பாடமும் நான்காம் வாரம் முழுவதும் வெகுமதியின் இடத்தைப் பற்றியவை. வகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதற்கு ஒதுக்கிய இடமோ பாதி வகுப்புக்கும் குறைவு. ஒலிக்கும் உணவுக்கும் பங்கைப் பிரித்துச் சொல்லும் பழைய பயிற்சியாளர் வழக்கை அவர்களும் சொல்கிறார்கள்: ஒலி செயலுக்கு, உணவு நிலைக்கு. எந்தச் செயலுக்காகக் கிடைத்தது என்பதை ஒலி சொல்கிறது. அடுத்த முறை உடல் எங்கே இருந்தால் நல்லது என்பதை உணவு கிடைத்த இடம் சொல்கிறது. நாய் நம்மைப் போல் இவ்விரண்டையும் பிரித்து யோசிப்பதில்லை. உணவு பலமுறை வந்த பக்கத்துக்கு அதன் எடை தானாகவே சாய்கிறது, அடுத்த அடியும் அந்தப் பக்கமே விழுகிறது.

மணியின் கதைக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. அவன் நடப்பது என் இடப்பக்கம். பை இருந்தது வலது இடுப்பில். நான் கொடுப்பது வலக்கையால், என் உடலுக்கு முன்புறமாகக் குறுக்கே நீட்டி. ஒவ்வொரு முறையும் அவன் வாய் என் வலது முழங்காலுக்கு அருகில்தான் உணவைச் சந்தித்தது. சரியாக நடந்ததற்காகச் சரியான கணத்தில் ஒலி எழுப்பியிருந்தாலும், உணவு கிடைத்தது குறுக்கே வந்த இடத்தில். அவன் அங்கே வராமல் இருந்தால்தான் அதிசயம்.

பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக் கட்டினேன். இடக்கையால், கால்சட்டையின் பக்கத் தையலை ஒட்டி, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், அவன் மூக்கின் உயரத்துக்கே கையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது விதி. கையை உயர்த்திக் கொடுத்தால் நாய் எம்பும். முன்னால் நீட்டிக் கொடுத்தால் முந்தும். உடலிலிருந்து விலக்கிக் கொடுத்தால் அதுவும் விலகும். முதல் இரண்டு நாள் மணி என் இடக்கையை நம்பவில்லை. ஒலி கேட்டதும் பழைய வழக்கப்படி முன்னால் பாய்ந்து வலது முழங்காலுக்கு அருகில் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றான். உணவு அங்கே வராததால் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் அசையாமல் நின்று, அவன் தேடிப் பின்னால் வந்து தையலுக்கு அருகில் மூக்கை நீட்டியபோது மட்டும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஒலி கேட்டதும் முன்னே பாயாமல் தலையை மட்டும் என் இடக்கைப் பக்கம் திருப்பினான். ஒன்பதாம் நாள் காணொளியில் ஒலி எழும்புவதற்கு முன்பே அவன் தோள் என் காலோடு ஒட்டியிருக்கிறது. கோணலாக உட்காருவதற்காகத் தனியாக நான் எதுவும் செய்யவில்லை; அதுவும் கூடவே நேராகிவிட்டது.

படுத்த நிலையில் இருத்தும் பயிற்சியிலும் இதே தவறு இருந்தது. மணியின் மார்பு உயரத்தில் கையை நீட்டிக் கொடுத்துவந்தேன்; அதைப் பெற அவன் முழங்கைகளை ஊன்றி எழும்ப வேண்டியிருந்தது. முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே, தரையிலேயே வைத்துக் கொடுக்கத் தொடங்கியதும் தலை தாழ்ந்தது. சில நாளில் ஒரு பக்கமாக இடுப்பைச் சாய்த்து உண்மையாகவே ஓய்ந்து படுக்கத் தொடங்கினான். விருந்தினர் மேல் தாவும் நாய்க்குத் தரையில் சிதறிக் கொடுப்பது, கூப்பிட்டு வரும் நாய்க்குக் கையை நீட்டாமல் நம் காலோடு ஒட்டிக் கொடுத்தபடியே மறுகையால் கழுத்துப்பட்டையைத் தொடுவது ஆகியவையும் இதே கணக்கில் அடங்கும். பின்னதை நான் குறிப்பாகப் பரிந்துரைப்பேன். கூப்பிட்டதும் ஓடிவந்து கைக்கு எட்டாத தூரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டும் நாயை உருவாக்கியது, பெரும்பாலும் முன்னே நீண்டுவந்த நம் கைதான்.

விரிப்பின் மேல் இருக்கப் பழக்கும் பாடம்தான் எனக்குப் புதிதாக இருந்தது. நாய் விரிப்பில் கால் வைத்ததும் ஒலி எழுப்பி, உணவை விரிப்பிலேயே போட்டால் அது அங்கேயே தங்கும். வெளியே உருட்டிவிட்டால் தின்றுவிட்டுத் தானாகத் திரும்பி வரும். தங்குவதைக் கற்றுத்தருவதானால் முன்னது. விரிப்புக்கு ஓடுவதைக் கற்றுத்தருவதானால் பின்னது, ஏனென்றால் ஒவ்வோர் உருட்டலும் அடுத்த முயற்சிக்கு நாயைத் தொடக்க இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இரண்டையும் ஒரே அமர்வில் கலந்து செய்து மணியைக் குழப்பிவிட்டு, பயிற்சியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒலிக்குப் பிறகு நாய் நிலையைக் கலைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடையும் எனக்குப் பிடித்திருந்தது. ஒலி என்பது கொடுத்த வாக்கு. கலைந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கலையாமல் இருந்திருந்தால் வாய் எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்தில் கொடுக்க வேண்டும். நாய் நாலடி தள்ளிப் போயிருந்தாலும் திரும்பி வந்துதான் பெற்றுக்கொள்ள வேண்டும். மறுப்பதைவிட இது பொறுமையைக் கேட்கும் வழி. விளைவோ விரைவாகவே தெரிகிறது.

இனி என் பெரிய மனக்குறை. நான்காம் வாரத்தில், அந்நியரைக் கண்டு அஞ்சும் நாய்களுக்கென ஒரு பயிற்சி வருகிறது: அந்நியர் கையில் உணவை வைத்துக்கொண்டு நீட்ட, நாய் அருகே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இடத்தைப் பற்றி அத்தனை நுணுக்கமாகப் பேசிய வகுப்பு இங்கே தன் பாடத்தையே மறந்துவிட்டது. அஞ்சும் நாய் உணவின் ஆசையால் தன் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிப் போய்விடும். உணவு வாய்க்குள் போன அடுத்த கணம், அஞ்சிய ஆள் ஒரு சாண் தூரத்தில் நிற்பதை உணரும். அப்போது அது பின்வாங்கலாம், உறைந்து நிற்கலாம், கடிக்கவும் செய்யலாம். உணவை நாய்க்குப் பின்புறமாக, அந்நியரிடமிருந்து விலகும் திசையில் எறிவதே முறை. உணவோடு அது உள்ளூர விரும்பும் இடைவெளியும் சேர்ந்து கிடைக்கும், மீண்டும் அருகே வருவதா வேண்டாமா என்பதையும் அதுவே முடிவு செய்துகொள்ளும். மணி அஞ்சும் நாய் அல்லன் என்பதால் எனக்கு இழப்பில்லை. அஞ்சும் நாய் வைத்திருப்பவர்கள் அந்தப் பாடத்தைத் தவிர்த்துவிட்டு, விலங்கு நடத்தை அறிந்த ஒருவரிடம் நேரில் ஆலோசனை கேட்பது நல்லது. உணவைக் கண்டு உறுமிக் காக்கும் நாய்களைப் பற்றியோ, ஒரே வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் உணவை எறிவதால் வரும் சண்டையைப் பற்றியோ வகுப்பில் ஒரு சொல்லும் இல்லை.

மற்றக் குறைகள் சிறியவை. செயல்முறைக் காணொளிகள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே நன்கு பழகிய ஒரே நாய்தான் வருகிறது. தவறு செய்யும் நாயை ஒருமுறைகூடக் காட்டவில்லை. பந்து, கயிறு போன்ற விளையாட்டுப் பொருள்களை வெகுமதியாக்குவதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; அதையும் விட்டிருக்கலாம். உணவைப் படிப்படியாகக் குறைப்பது பற்றிய கடைசிப் பாடம் அவசரமாக ஓடுகிறது.

ஐந்தாம் வாரத்தில் நடந்ததை மட்டும் சிறியது என்று ஒதுக்க முடியவில்லை. அதுவரை இரண்டு நாளில் வந்த குறிப்புகள் ஐந்து நாள் தாமதமாக வரத் தொடங்கின. எழுதுபவரும் மாறியிருந்தார் என்பது நடையிலேயே தெரிந்தது. முன்னவர், 14ஆவது விநாடியில் கை ஏன் மேலே போயிற்று என்று கேட்பவர். புதியவர், அருமை, தொடர்ந்து செய்யுங்கள் என்று எழுதுபவர். நான் வேண்டுமென்றே வலக்கையால் குறுக்கே கொடுத்த காணொளி ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். அதற்கும் அருமை என்றே வந்தது. தாமதமான வெகுமதியும், தகாத இடத்தில் கொடுத்த வெகுமதியும் என்ன செய்யும் என்று நான்கு வாரம் கற்றுத்தந்தவர்களிடமிருந்தே இவ்விரண்டும் எனக்கு வந்தன. விளக்கம் கேட்டு எழுதியதற்கு, குழு விரிவடைந்திருக்கிறது என்று பொதுவாக ஒரு பதில் மட்டும் வந்தது.

அடிப்படைகளை ஏற்கெனவே தம் நாய்க்குக் கற்றுத்தந்து, அவை ஏன் கோணலாகவும் அரைகுறையாகவும் நிற்கின்றன என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு முதல் நான்கு வாரங்கள் கொடுத்த கட்டணத்துக்கு மேலாகவே பயன் தரும். குட்டியை அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இத்தனை நுணுக்கம் தேவைப்படாது. கைபேசியை ஒரு நாற்காலியில் நிறுத்தி வைத்துத் தம் கையைத் தாமே படமெடுத்துப் பார்த்தால் பாதிப் பாடம் அதிலேயே கிடைத்துவிடும். ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பிடுகிறேன்; குறைந்த ஒன்றரையில் ஒன்று அஞ்சும் நாய்களுக்கான அந்தப் பயிற்சிக்காகவும், அரை கடைசி இரண்டு வாரங்களுக்காகவும். இதன் அடுத்த நிலை வகுப்பில் சேர அழைப்பு வந்திருக்கிறது. குறிப்பு எழுதப்போவது யார் என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வந்த பிறகே கட்டணம் செலுத்துவேன்.